52 லட்சம் எப்படி 25 லட்சம் ஆனது?

2005இல் இந்தியாவில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் 52 லட்சம் என்றது நாகோ, அதாவது தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு. 2007இல் அதே நாகோ, சுமார் 25 லட்சம் என்றது. நோய் பாதியாகிவிடவில்லை. எண்ணுகிற முறைதான் மாறியது.

அதுவரை பெரிய ஆதாரம் கர்ப்பிணிகளின் ரத்தம். குறிப்பிட்ட அரசு மருத்துவமனைகளுக்கு வரிசையாக வரும் 400 பேர். வேறு சோதனைக்கு எடுத்ததில் மிஞ்சிய ரத்தம், பெயர் நீக்கி. சரி, அங்கே யார் வர்றாங்க? செஞ்சியையே எடுத்துக்குவோம். பிரசவம் சிக்கல்னா விழுப்புரம், திருவண்ணாமலை, இல்லேன்னா புதுச்சேரி ஜிப்மர். கையில் காசு இருந்தா தனியார். அப்படியானால் பெரியாஸ்பத்திரியில் கிடைக்கும் சதவீதம் எந்த ஊருடையது?

2005-06 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு வீடு வீடாகப் போய் ஒரு லட்சம் பேருக்கு மேல் சோதித்தது. 15-49 வயதினரில் 0.28 சதவீதம். (வீட்டில் இல்லாத லாரி ஓட்டுநர் இதில் விட்டுப்போவார், அது வேறு.) கூடவே கண்காணிப்பு மையங்களும் கூடின, எண் இறங்கியது.

மருத்துவமனைக் கண்காணிப்பை நான் குறை சொல்லவில்லை. வருஷா வருஷம் அதே இடத்தில் பார்த்தால் ஏறுதா இறங்குதான்னு தெரியும். அதற்கென்று செய்த கருவியைத் தலை எண்ணப் பயன்படுத்தியதுதான் கோளாறு.

அதைவிட எனக்கு உறுத்துவது பெயர் நீக்கம். ரத்தம் கணக்கில் சேரும், முடிவு அவளுக்குப் போகாது. நம்பிக்கை மையத்தில் தனியாகச் சோதித்தால்தான் அவளுக்குத் தெரியும், குழந்தைக்குத் தொற்றாமல் மருந்தும் கிடைக்கும்.