தொலைபேசியின் மறுமுனையில் ஒரு தாய்

கேமரன் குரோ எழுதி இயக்கி, 2000ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஆல்மோஸ்ட் ஃபேமஸ்' என்னும் அமெரிக்கத் திரைப்படம் 1973ஆம் ஆண்டின் ராக் இசை உலகைச் சித்திரிக்கிறது. பதினைந்தே வயதான வில்லியம், 'ரோலிங் ஸ்டோன்' இதழுக்குக் கட்டுரை எழுதுவதற்காக 'ஸ்டில்வாட்டர்' என்ற கற்பனை இசைக்குழுவோடு ஊர் ஊராகப் பயணம் செய்கிறான். இயக்குநரின் சொந்த இளமையே இக்கதையின் வித்து. சிறந்த அசல் திரைக்கதைக்கான ஆஸ்கார் விருதும் இதற்குக் கிடைத்தது.

இப்படத்தைப் பார்த்தோர் பலர் பென்னி லேனையோ கிதார் கலைஞன் ரஸ்ஸலையோ போற்றுவர். என் உள்ளத்தில் நிலைத்திருப்பவர் வில்லியமின் தாய் எலெய்ன். பிரான்சிஸ் மெக்டார்மண்ட் ஏற்று நடித்த பாத்திரம் இது.

எலெய்ன் கல்லூரிப் பேராசிரியை. வீட்டில் ராக் இசையைத் தடை செய்தவர். மகனின் உண்மையான வயதையே அவனிடம் மறைத்தவர். அந்தக் கண்டிப்பைத் தாங்காத மகள் அனிட்டா வீட்டைவிட்டே வெளியேறுகிறாள். தொடக்கத்தில் இத்தாயைக் கண்டு நாம் நகைக்கிறோம். ஆயினும், அஞ்சி நடுங்கியபடியே மகனை இசைநிகழ்ச்சிக்குக் காரில் கொண்டுபோய் விடுபவரும் இவரே. மகளை இழந்த பாடம் அவரை விட்டுக்கொடுக்கச் செய்கிறது. அக்கறையை மட்டும் அவர் விட்டுவிடவில்லை.

ஒருநாள் ரஸ்ஸல் விளையாட்டாகத் தொலைபேசியை வாங்கி அவரிடம் பேசுகிறான். அவரோ அவனது புகழுக்கு மயங்கவில்லை. அவனைச் சபிக்கவும் இல்லை. நல்ல மனிதனாக இன்னும் காலம் கடந்துவிடவில்லை என்று உணர்த்துகிறார். ரஸ்ஸல் வாயடைத்து நிற்கிறான். சுற்றியிருப்போர் அனைவரும் அவனிடம் ஏதேனும் ஒன்றை எதிர்பார்ப்பவர்கள். தன் மகன் நலமாகத் திரும்ப வேண்டும் என்பதன்றி வேறெதையும் வேண்டாத ஒருவரால்தான் அவனிடம் உண்மையைச் சொல்ல முடிந்தது.

அவ்வுலகில் மனிதரின் விலை என்ன? 50 டாலருக்கும் ஒரு பெட்டி பீருக்கும் பென்னி லேன் சூதாட்டத்தில் கைமாற்றப்படுகிறாள். வில்லியம் எழுதிய உண்மைகளை ரஸ்ஸல் முதலில் மறுக்கிறான்; பின்னர் இதழாரிடம் ஒப்புக்கொண்டு, வில்லியமின் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். அந்தத் தாயின் சொல் அவனுள் வேலை செய்திருக்கிறது என்றே தோன்றுகிறது.

குறையும் உண்டு. பென்னிக்கு இழைக்கப்பட்ட அநீதியின் கனத்தைப் படம் முழுமையாகச் சுமக்கவில்லை. மொராக்கோவுக்கு அவளை விமானம் ஏற்றிவிட்டு, நம் மனத்தை எளிதில் ஆற்றிவிடுகிறது.

எனினும், பெற்றோர் எண்ணிப் பார்க்கத்தக்க ஓர் உண்மை இங்குண்டு. எலெய்ன் விதித்த தடை அவருடைய பிள்ளைகளைக் காக்கவில்லை. கைப்பிடி தளர்ந்த பின்னும் மகனோடு பயணம் செய்தது அவர் ஊட்டிய மனச்சான்றே.