மாரடைப்புக்குப் பின் இதயக் கொழுப்பை வாசித்தல்

மாரடைப்பு வந்தவரின் ஆஞ்சியோகிராமில் மருத்துவரின் கண் முதலில் தேடுவது அடைப்பைத்தான். எந்தக் குழாய், எத்தனை சதவீதம், ஸ்டென்ட் வைக்கலாமா? இதயவியல் நெடுங்காலம் குழாயின் உட்புறத்தையே பார்த்துப் பழகிய துறை. வெளியே இதயத்தைப் போர்த்திக் கிடக்கும் கொழுப்பும் சி.டி. படங்களில் விழுந்துகொண்டுதான் இருந்தது. அதைப் பொருட்படுத்தியவர்கள் குறைவு.

அந்தக் கொழுப்புக்கும் இதயத் தசைக்கும் நடுவே தடுப்புச் சவ்வு கிடையாது. இரண்டுக்கும் நுண்குழாய்கள் பொது. பைபாஸ் அறுவைக்கு வந்தவர்களிடமிருந்து எடுத்த இதயக் கொழுப்பில், காலின் தோலடிக் கொழுப்பில் இருப்பதைவிட அழற்சிப் பொருள்கள் அதிகம் என்று மஸூரெக் குழுவினர் 2003இல் காட்டினார்கள். கொழுப்புதான் குழாயைக் கெடுக்கிறது என்ற எண்ணம் அதன்பின் வலுத்தது. எத்தனை மில்லிலிட்டர் என்று சி.டி.யில் அளப்பதும் வழக்கமாயிற்று. ஆனால் கன அளவு ஓரளவு ஆளின் பருமனையும் திருப்பிச் சொல்கிறது. எனக்கு அது சுவாரசியமில்லாத எண்.

உண்மையான திருப்பம் 2017இல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்தது. சாராலம்போஸ் ஆன்டோனியாடிஸ் குழுவினர் கேள்வியைத் தலைகீழாக்கினார்கள்: குழாய்ச் சுவரின் அழற்சி கொழுப்பை என்ன செய்கிறது? அழற்சிச் சமிக்ஞைகள் பட்டால் அக்கம்பக்கத்து இளம் கொழுப்புச் செல்கள் முதிராமல் நின்றுவிடுகின்றன. அவற்றில் கொழுப்பு குறைவு, நீர் கூடுதல். சி.டி. அளவுகோலில் நீர் 0, காற்று மைனஸ் 1000. கொழுப்பு மைனஸ் 190க்கும் மைனஸ் 30க்கும் இடையில். நீர் ஏறினால் கொழுப்பின் எண் பூஜ்யத்தை நோக்கி நகரும். கண்ணுக்குத் தெரியாத இந்த நகர்வைக் கணினி பிடித்துவிடும். 2018இல் எர்லாங்கன், கிளீவ்லாண்ட் நோயாளிகளின் படங்களை ஆராய்ந்தபோது, எண் மைனஸ் 70.1ஐத் தாண்டி மேலே வந்தவர்களிடம் இதய மரணங்கள் தெளிவாகக் கூடுதலாக இருந்தன.

மாரடைப்புக்குப் பிந்தைய படங்கள் இன்னும் நுட்பமான கதை சொல்கின்றன. குழாய்ச் சுவரில் வெடித்த படிவைச் சுற்றிய கொழுப்பில் இந்த எண் உயர்ந்திருக்கும். வாரங்கள் செல்ல இறங்கும். அப்படியானால் எல்லாம் சரியாகிவிட்டதா? 2019இல் அதே ஆக்ஸ்ஃபோர்டு குழு சராசரி எண்ணை விட்டுவிட்டு, கொழுப்பின் இழையமைப்புக்கு மதிப்பெண் தரக் கணினிக்குக் கற்பித்தது. கடும் மாரடைப்பு வந்த 44 பேரிடம் அந்த மதிப்பெண், ஒப்பீட்டுக்கு எடுத்தவர்களைவிட அதிகம். 6 மாதம் கழித்தும் அது அசையவில்லை. சராசரி எண் இப்போது எரியும் தீயைக் காட்டுகிறது. இழையமைப்போ தீ அணைந்தபின் மிஞ்சும் தழும்பையும், புதிதாகக் கிளைத்த நுண்குழாய்களையும் சுட்டுகிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பும் கட்டுரைகளைப் பார்க்கையில் எரிச்சல்தான் வருகிறது.

அளவீட்டின் பலவீனங்களையும் சொல்லியாக வேண்டும். ஸ்கேனரின் கிலோவோல்ட்டை 120இலிருந்து 100க்கு மாற்றினாலே கொழுப்பின் எண் இறங்கிவிடும். குழாய்க்குள் செலுத்திய சாயத்தின் பிரகாசம் பக்கத்துக் கொழுப்பின் மேல் கசிந்து எண்ணை உயர்த்தும். ஸ்டென்டின் உலோகமோ அருகில் எதையும் நம்ப விடாது. திருத்தக் கணக்குகள் உண்டு என்றாலும், ஒரே நோயாளியை இரு வேறு இயந்திரங்களில் எடுத்து எண்களை அப்படியே ஒப்பிடுவது ஆபத்து.

இவ்வளவு பாடுபடுவதற்குக் காரணம் சிகிச்சைதான். மாரடைப்புக்குப் பின் அழற்சியைத் தணிக்கும் கோல்ச்சிசின் மாத்திரை தந்து பார்த்த கோல்காட் ஆய்வு 2019இல் பலன் கண்டது. 2024இல் வந்த பெரிய கிளியர் சினர்ஜி ஆய்வு காணவில்லை. இரண்டிலுமே யாருடைய குழாயில் அழற்சி மிஞ்சியிருக்கிறது என்று பார்த்து ஆட்களைத் தேர்ந்தெடுக்கவில்லை. கொழுப்பின் எண் தணியாதவர்களை மட்டும் பிரித்து, அந்த மலிவான மாத்திரையை அவர்களுக்கே கொடுத்துப் பார்க்கும் ஆய்வுதான் இத்துறை அடுத்து எழுத வேண்டிய தேர்வு.