மெய்ப்பாடும் மனச்சிதைவும்

உள்ளத்தே எழும் உணர்ச்சி பிறர் அறியுமாறு உடலிற் புலப்படுதலை மெய்ப்பாடு என்றனர் நம் முன்னோர். தொல்காப்பியர் அதனை நகை முதலாக எட்டு வகுத்து, ஒவ்வொன்றும் பிறத்தற்குரிய நிலைக்களன்களை நந்நான்காகக் கூறினார். இக்கால உளமருத்துவமும் மனச்சிதைவு நோயாளரிடத்து மெய்ப்பாட்டை அளந்து காண முயல்கின்றது. அம்முயற்சி எத்துணைப் பொருத்தமுடையது என்பதை ஈண்டு ஆராய்வாம்.

1911 இல் இந்நோய் பற்றி நூல் வெளியிட்ட சுவிற்சர்லாந்து மருத்துவர் புளூலர், உணர்ச்சி மழுங்குதலை அதன் அடிப்படைக் குறிகளுள் ஒன்றாகக் கொண்டார். 1980 களில் அமெரிக்க மருத்துவர் நான்சி அன்றியாசென் ஓர் அளவுகோல் வகுத்தார். அதன் ஒரு பகுதி, மாறாத முகம், குறைந்த கையசைவு, ஏற்றத்தாழ்வற்ற குரல், எதிரிருப்பவர் கண்ணை நோக்காமை முதலியவற்றிற்கு 0 முதல் 5 வரை புள்ளியிடுவது. ஒரு மருத்துவர் கண்டதை மற்றொருவர் கண்டதனோடு ஒப்பிடவும், நோயாளரின் மாற்றத்தைக் காலந்தோறும் அறியவும் இது பெரிதும் துணைசெய்யும்.

ஆயினும் இப்பகுதி காட்டுவது முகத்தின் நிலையே. அகத்தின் நிலையை அது சொல்லாது. 1993 இல் ஆன் கிறிங் என்பாரும் பிறரும் வெளியிட்ட ஆய்வொன்றில், நோயாளர்க்கும் நோயற்றோர்க்கும் உணர்ச்சியூட்டும் படக்காட்சிகள் காட்டப்பட்டன. நோயாளர் முகத்தில் மாற்றம் குறைவாகவே தோன்றியது. தாம் உற்றதாக அவர் கூறிய உணர்ச்சியோ ஏனையோரினும் குறைந்திலது. அன்றியும், இந்நோய்க்குக் கொடுக்கப்படும் மருந்துகள் சிலவும் முகத்தசைகளை இறுகச் செய்வன.

இனி நம் மலைநாட்டை நோக்குவாம். ஹற்றன், நுவரெலியாத் தோட்டங்களில் துரைக்கும் கங்காணிக்கும் முன்னே தலைதாழ்த்தி நின்று பழகிய பரம்பரை நம்முடையது. பெரியோர் கண்ணை நேர்நோக்காமை இங்கு மரியாதை. பிரட்டுக்களத்தில் வாய்மூடி நிற்பவள், லயத்து இழவு வீட்டில் ஒப்பாரி வைத்து ஊரையே அழச்செய்வாள். அவளே நோயுற்று, தன் மொழி அறியாத மருத்துவர் முன் அமர்வாளாயின், அவளுடைய பணிவும் அச்சமும் உணர்ச்சியின்மையாகக் கணக்கிடப்படாவோ? அழுகையின் நிலைக்களன்களுள் இழவோடு வறுமையையும் வைத்தார் தொல்காப்பியர். அந்நிலைக்களனை அறியாது முகத்துக்கு மட்டும் புள்ளியிடுதல் குறையுடைத்து.

கண்ணாலும் செவியாலும் திட்பமாக உணரவல்லார்க்கன்றி இப்பொருள் விளங்காது என்னும் கருத்துடனேயே மெய்ப்பாட்டியல் முடிகின்றது. காண்பார்க்கும் தகுதி வேண்டும் என்பது இதனாற் பெறப்படும். ஆகவே அளவுகோலைக் கைவிட வேண்டுவதில்லை. நோயாளரின் மொழியும் வழக்கும் அறிந்தவர் அதனைக் கையாளுதல் வேண்டும். உற்ற உணர்ச்சியை நோயாளரிடமே வினவுதல் வேண்டும். வீட்டாரையும் கேட்டல் வேண்டும். இவை நிகழாதவிடத்து, "இவளுக்கு உணர்ச்சியில்லை" என்று எழுதுவதினும், "என் கண்ணுக்கு அது புலப்படவில்லை" என்று எழுதுதலே உண்மையாகும்.