வாடகை விளம்பரத்தில் ஓர் உம்மை

சிங்கப்பூரில் வீட்டு வாடகை விளம்பரங்களில், 'இந்தியர்க்கும் சீன நாட்டார்க்கும் இல்லை' என்று வெளிப்படையாக எழுதும் வழக்கம் இருந்தது. 2010இல் அமைந்த சொத்து முகவைகள் மன்றத்தின் நெறிகள் அதற்கு இடந்தராவிடினும், 2014இல் பிபிசி செய்தியாக்கும் அளவுக்கு அது பரவியிருந்தது.

'குறைந்த சமையல் மட்டும்' என்னும் வாசகமும் உண்டு. இதனை நாகரிகம் எனக் கொண்டு மங்கலத்தில் அடக்குவாருமுளர், பொருந்தாது. உட்பொருள் தம்மவர்க்கே விளங்குமாறு எழுதினால், பொன்னைப் பறி என்னும் பொற்கொல்லர் வழக்கைப் போல அது குழூஉக்குறியே. சுவரில் எண்ணெய் படியும் என்னும் அச்சம் மெய்யாயின், 'எண்ணெயிற் பொரித்தல் வேண்டா' என்றெழுதலாமே! சீனர் வீட்டில் பொரிப்பதில்லையா?

நல்லெண்ணம் உடையோரும் வழுக்குவர். 'இந்தியர் வரவேற்கப்படுவர்' என ஆங்கிலத்தில் அச்சானதைத் தேக்காவில் வீடு தேடும் தமிழர் 'இந்தியரும் வரலாம்' என்றே படிப்பர். எழுத்தில் இல்லாத அவ்வும்மை இழிவு சிறப்பும்மை. 'எவ்வினத்தாரும்' எனின் முற்றும்மையாய் ஒருவாறு தேறும். எனினும் அறை, வாடகை, ரயில் நிலையத்தின் தொலைவு இவற்றைச் சொல்லி இனத்தைச் சொல்லாது விடுதலே நன்று.

விற்பனைக்கு மட்டும் விலக்குண்டு. வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகளில் 1989 முதல் இன விகித வரம்பு இருத்தலின், ஒரு புளோக்கில் வரம்பு நிறைந்தால் அவ்வினத்தார் பிற இனத்தாரிடம் வீடு வாங்க இயலாது. ஆகவே, 'எல்லா இனத்தாரும் வாங்கலாம்' என்பது அங்கே வெறுந் தகவல். அவ்வரம்பு வாடகைக்கு இல்லை.