ஆல்புமின் குறைவும் சிறுநீரகக் காப்பும்: நீரிழிவுச் சிறுநீரக நோய்க்கான சீன மருத்துவ ஆய்வுகள் குறித்த ஒரு மதிப்பீடு

நீரிழிவுச் சிறுநீரக நோய்க்குச் சீன மரபு மருத்துவம் பயன் தருகிறது எனக் கூறும் ஆய்வுகள் பெருகி வருகின்றன. அவற்றுள் பல, ஹுவாங்ச்சி, லெய்கொங்தெங் முதலிய மூலிகைகளை வழக்கமான மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்து, சில வாரங்களிலோ திங்களிலோ சிறுநீரில் வெளியேறும் ஆல்புமின் குறைந்தமையைச் சான்றாகக் காட்டுகின்றன. அக்குறைவு உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதைக்கொண்டு சிறுநீரகம் காக்கப்பட்டது என முடிவு கட்டுவது பொருந்தாது.

நவீன மருத்துவமும் இவ்வாறு ஏமாந்ததுண்டு. அலிஸ்கிரென் என்னும் மருந்து ஆல்புமினைக் குறைத்தது. எனினும் நீரிழிவு நோயாளர் 8,500க்கும் மேற்பட்டோரிடம் நிகழ்ந்த ஆல்டிடியூட் ஆய்வில் அது சிறுநீரகச் செயலிழப்பையும் இதய நோயையும் தடுக்கவில்லை. பொட்டாசிய மிகுதியும் தாழ் இரத்த அழுத்தமும் கூடியமையால் ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது. மாறாக, 2001இல் வெளியான லோசார்டன் ஆய்வு, கிரியேட்டினின் இருமடங்காதல், சிறுநீரகச் செயலிழப்பு, இறப்பு ஆகியவற்றை அளவுகோலாகக் கொண்டு சராசரியாக 3.4 ஆண்டுகள் நோயாளரைத் தொடர்ந்தது. சீன மூலிகை ஆய்வுகளிடம் எதிர்பார்க்கப்படுவதும் இத்தகைய காத்திருப்பே.

நாடியும் நாவும் பார்த்து ஆளுக்கேற்ப மருந்தை மாற்றும் மரபை இவ்வளவுகோல்கள் அளக்கமாட்டா என்பர் சிலர். அவ்வாதத்தில் ஒரு பாதி ஏற்கத்தக்கது: எல்லோர்க்கும் ஒரே வடிநீரைக் கொடுக்கும் ஆய்வு அம்மரபையே சோதிக்கவில்லை. மறுபாதி ஏற்கத்தக்கதன்று. மருந்தை எவ்வாறு தேர்ந்தாலும், நோயாளர் டயாலிசிஸுக்குச் சென்றாரா இல்லையா என்பதை எண்ணிவிடலாம்.

தீங்கு பற்றிய பதிவு இவ்வாய்வுகளில் இன்னும் மெலிந்தது. லெய்கொங்தெங் கல்லீரலையும் இனப்பெருக்கத் திறனையும் தாக்கவல்லது. சிறுநீரகத்திற்கே கேடான மூலிகைகளும் உண்டு. பெல்ஜியத்தில் உடல் எடை குறைக்கச் சீன மூலிகை உண்ட பெண்களின் சிறுநீரகம் விரைந்து பழுதானது 1993இல் அறிவிக்கப்பட்டது. ஃபாங்ஜி என்ற பெயரில் தரப்பட்டது அரிஸ்டோலோக்கியா இனத்தைச் சேர்ந்த குவாங்ஃபாங்ஜி. பெயரொற்றுமை விளைத்த கேடு அது. நம் ஈசுரமூலியும் ஆடுதீண்டாப்பாளையும் அதே பேரினத்தவை என்பதைச் சித்த மருத்துவ ஆய்வாளர் கருதவேண்டும். மூலிகையின் தாவரப் பெயரையும், பயன்பட்ட உறுப்பையும், அரிஸ்டோலோக்கிக் அமிலச் சோதனையின் முடிவையும் குறிக்காத ஆய்வு, எத்துணை ஆல்புமின் குறைவைக் காட்டினும், சிறுநீரகம் ஏற்கெனவே நலிந்தவருக்கு மருந்து பரிந்துரைக்கப் போதிய சான்றாகாது.