முதல் ஆட்டத்தைச் செப்டம்பரில் பாருங்கள்

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் ஆட்டத்துக்குக் குடும்பத்தோடு போக வேண்டும் என்று தீர்மானித்தவர்கள் முதலில் தேடுவது ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தோடு மோதும் ஆட்டத்தின் டிக்கெட்டைத்தான். அந்த ஆசையில் நியாயம் இருக்கிறது. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் அதைவிடப் பெரிய போட்டி கிடையாது என்று அடித்துச் சொல்பவர்கள் ஏராளம். 2021 நவம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பர் நகரில் பனி விழுந்துகொண்டிருந்த பிற்பகலில், அதற்கு முந்தைய எட்டு மோதல்களிலும் தோற்றிருந்த மிச்சிகன் 42-27 என வென்றது. மிச்சிகனின் ஹசன் ஹாஸ்கின்ஸ் அன்று தனியாளாக ஐந்து முறை பந்தை எல்லைக்குள் கொண்டுசேர்த்து டச் டவுன் போட்டார். ஆட்டம் முடிந்ததும் ரசிகர்கள் வேலி தாண்டிக் களத்தை நிறைத்தார்கள். அன்று அங்கே இருந்தவர்கள் அதை ஆயுளுக்கும் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

ஆனாலும் சின்னக் குழந்தைகளையும் ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரையும் முதன்முறையாக அழைத்துப் போகிறவருக்கு என் யோசனை வேறு. அந்த ஆட்டம் வேண்டாம். செப்டம்பரில் வரும் ஓர் ஆட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்.

காரணம் எளிது. ஓஹையோ ஸ்டேட் ஆட்டம் நவம்பர் கடைசியில், நன்றி நவிலும் நாளை ஒட்டிய சனிக்கிழமையில் வரும். அதுவும் ஒற்றைப்படை ஆண்டுகளில்தான் ஆன் ஆர்பரில். இரட்டைப்படை ஆண்டுகளில் கொலம்பஸ் நகருக்குப் போய்விடும். அந்தச் சமயத்தில் மிச்சிகனில் குளிர் உறைநிலையைத் தொட்டுக்கொண்டிருக்கும், மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். மைதானத்துக்குக் கூரை கிடையாது. பெரும்பாலான இருக்கைகள் முதுகு சாய்க்க முடியாத, எண் போட்ட நீள பெஞ்சுகள். குளிருக்குப் போட்ட தடித்த கோட்டுகளோடு ஒரு லட்சம் பேர் நெருக்கியடித்து உட்கார வேண்டும். உட்கார என்பதுகூடப் பேச்சுக்குத்தான். முக்கியமான கட்டங்களில் எல்லோரும் எழுந்து நிற்பார்கள், அந்த ஆட்டத்தில் எல்லாக் கட்டமும் முக்கியம். ஏழு வயதுப் பிள்ளைக்கு முன்வரிசைக்காரரின் முதுகு மட்டும்தான் தெரியும். சீசனிலேயே அதிக விலையுள்ள டிக்கெட்டும் அதுதான்.

செப்டம்பர் ஆட்டங்களுக்கு வருவது பெரும்பாலும் சிறிய பல்கலைக்கழகங்கள். பெரிய மைதானத்துக்கு வந்து ஆடிவிட்டுப் போக அவர்களுக்குப் பெருந்தொகை கொடுப்பார்கள். அந்தப் பணம் அவர்களுடைய விளையாட்டுத் துறையை நடத்த உதவும். டிக்கெட் மலிவு, வெயில் இதம், பள்ளி தொடங்கிய புதிது என்பதால் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடச் சுமையும் குறைவு. டெட்ராய்ட்டைச் சுற்றியுள்ள கேன்டன், நோவை, ஃபார்மிங்டன் ஹில்ஸ் பகுதிகளில் கார் நிறுவனங்களிலும் மென்பொருள் துறையிலும் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அவர்களைப் பார்க்கக் கோடையில் வரும் அப்பா அம்மா பெரும்பாலும் குளிர் பிடிப்பதற்குள் ஊர் திரும்பிவிடுவார்கள். தாத்தா பாட்டியும் சேர்ந்து வர வேண்டுமானால் செப்டம்பரை விட்டால் வேறு மாதம் இல்லை.

‘சப்பையான அணியோடு ஆட்டம் என்றால் ஒருதலையாக முடிந்துவிடுமே’ என்று கேட்பார்கள். பல சமயம் அப்படித்தான் முடியும். மூன்றாவது கால் பகுதியில் முதல்நிலை வீரர்களை உட்காரவைத்துவிட்டு இளையவர்களை இறக்கிவிடுவார்கள். விளையாட்டைப் புதிதாகக் கற்றுக்கொள்ளும் குடும்பத்துக்கு இது நல்லது என்பதே என் கணிப்பு. பக்கத்தில் இருப்பவர்கள் பதற்றத்தில் இருக்க மாட்டார்கள். அம்மா கேட்கும் சந்தேகத்துக்கு நிதானமாகப் பதில் சொல்லலாம். தவிர, முடிவு எப்போதும் எழுதிவைத்தபடி வருவதில்லை. 2007 செப்டம்பர் 1 அன்று, நாட்டின் ஐந்தாம் இடத்தில் வைக்கப்பட்டிருந்த மிச்சிகனை, அப்போது ஒரு பிரிவு கீழே ஆடிய அப்பலாச்சியன் ஸ்டேட் இதே மைதானத்தில் 34-32 எனக் கவிழ்த்தது. கடைசி நொடிகளில் மிச்சிகன் மூன்று புள்ளிக்காக உதைத்த பந்தைக் கை நீட்டித் தடுத்தே அந்த வெற்றியைப் பிடித்தார்கள். கல்லூரி ஃபுட்பால் வரலாற்றின் மாபெரும் அதிர்ச்சிகளில் ஒன்றைப் பார்த்தவர்கள், சாதாரண ஆட்டம் என்று நினைத்து டிக்கெட் வாங்கியவர்கள்தான்.

செப்டம்பருக்கு இன்னொரு வசதி உண்டு, பலர் இதைக் கவனிப்பதில்லை. ஆட்டம் எத்தனை மணிக்கு என்பதைத் தீர்மானிப்பதில் தொலைக்காட்சி நிறுவனங்களின் கைதான் ஓங்கியிருக்கிறது. சீசனின் முதல் சில வாரங்களுக்கான நேரம் கோடையிலேயே வெளியாகிவிடும். அக்டோபர், நவம்பர் ஆட்டங்கள் பலவற்றுக்குப் பன்னிரண்டு நாள் முன்பு, சில சமயம் ஆறே நாள் முன்புதான் நேரம் சொல்வார்கள். நண்பகல் ஆட்டம் என்றால் மாலை நான்கு மணிக்குள் முடிந்துவிடும். இரவு ஏழரைக்குத் தொடங்கும் ஆட்டம் முடியப் பதினொன்று ஆகும். தூங்கி விழும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கார் நிறுத்திய இடம்வரை நடக்க வேண்டும். நேரம் தெரிந்து டிக்கெட் வாங்குவது குடும்பத்தோடு போகிறவர்களுக்குப் பெரிய விஷயம்.

இனி மைதானம். 1927இல் திறந்த மிச்சிகன் ஸ்டேடியத்தின் இன்றைய கொள்ளளவு 1,07,601. ஊரின் மக்கள்தொகையே ஒன்றேகால் லட்சத்தை எட்டாது. 2013இல் நோட்டர் டேம் அணியோடு நடந்த இரவு ஆட்டத்துக்கு 1,15,109 பேர் வந்தார்கள். 1975 நவம்பரிலிருந்து, ரசிகர்களை அனுமதிக்காத 2020 தவிர, இங்கே நடந்த ஒவ்வொரு ஆட்டத்துக்கும் லட்சம் பேருக்குக் குறையாமல் வந்திருக்கிறார்கள். இத்தனை பெரியது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. பெரும்பகுதியைத் தரைக்குக் கீழே தோண்டிக் கட்டியிருக்கிறார்கள். வாசலில் நுழைந்ததும் கோயில் தெப்பக்குளத்தின் படிகளைப் போல இருக்கைகள் வரிசை வரிசையாகக் கீழே இறங்குகின்றன. மூட்டு வலி உள்ள பெரியவர்கள் வந்தால் இதை மனத்தில் வைத்து இருக்கை எடுங்கள். கீழ் வரிசையில் வாங்கினால் திரும்பி ஏறும்போது சிரமம்.

கீழ் வரிசையைத் தவிர்க்க விளையாட்டு சார்ந்த காரணமும் இருக்கிறது. எல்லைக்கோட்டருகே நிற்கும் மாற்று வீரர்களும் பயிற்சியாளர்களும் முன்வரிசைப் பார்வையை மறைத்துவிடுவார்கள். உயரத்திலிருந்து பார்த்தால்தான் இருபத்திரண்டு பேரும் எப்படி அணிவகுத்திருக்கிறார்கள், ஓட்டக்காரருக்கு எங்கே வழி திறக்கிறது, பந்து வாங்கப் போகிறவர் யாரை ஏமாற்றிவிட்டு ஓடுகிறார் என்பதெல்லாம் விளங்கும். மேற்குப் பக்கம் உட்கார்ந்தால் பிற்பகல் வெயில் முதுகுக்குப் பின்னால் போய்விடும்; கிழக்குப் பக்கத்தில் கண்ணுக்கு நேரே அடிக்கும். மாணவர் பகுதிக்கு ஒட்டிய இடம் குழந்தைகளுக்கு ஆகாது. மாணவர்கள் ஆட்டம் முழுக்க நின்றுகொண்டுதான் பார்ப்பார்கள். பை விஷயத்திலும் கவனம் வேண்டும். அமெரிக்க மைதானங்கள் பலவற்றில் உள்ளே இருப்பது தெரியும் கண்ணாடிப் பிளாஸ்டிக் பைக்கு மட்டுமே அனுமதி. கைக்குழந்தையின் பைக்கு என்ன விதி, குழந்தைக்கும் தனி டிக்கெட் வேண்டுமா என்பதெல்லாம் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். கிளம்புவதற்கு முன் அந்த ஆண்டின் விதியைப் பார்த்துவிடுங்கள். பச்சைக் குழந்தைகளுக்குக் காது மூடி கட்டாயம்.

நண்பகல் ஆட்டத்துக்குக் காலை ஒன்பது மணிக்கே ஆன் ஆர்பரில் இருப்பது நல்லது. போக்குவரத்துக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. காலையிலேயே பாதித் திருவிழா நடந்துவிடுகிறது. மைதானத்துக்கு எதிரே உள்ள கோல்ஃப் திடலிலும் பயனியர் உயர்நிலைப் பள்ளியின் வளாகத்திலும் கார்களை நிறுத்தி, பின்கதவைத் திறந்துவைத்து, அடுப்பு மூட்டி, சமைத்துச் சாப்பிடுவார்கள். டெயில்கேட் என்று இதற்குப் பெயர். சுற்றியுள்ள தெருக்களில் வீட்டுக்காரர்கள் தங்கள் முன்புறப் புல்வெளியைக் கார் நிறுத்த வாடகைக்கு விடுவார்கள். மடக்கு நாற்காலி, ஒரு பாய், டப்பாவில் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் போதும். மைதானத்துக்குள் வெளிச் சாப்பாட்டைக் கொண்டுபோக முடியாது, உள்ளே விற்பதில் சைவக்காரர்களுக்கு வகை குறைவு. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு நுழைவதே உத்தமம். வெளியே போய்விட்டுத் திரும்பி வரலாம் என்று எண்ண வேண்டாம். பெரும்பாலான மைதானங்களில் மறுபடி விட மாட்டார்கள்.

பல்கலைக்கழக இசைக்குழு ரெவெல்லி மண்டபத்திலிருந்து மைதானம்வரை அணிவகுத்து நடந்து வரும். தெருவோரம் நின்று பிள்ளைகளுக்கு அதைக் காட்டுங்கள். முரசு அதிர்வு நெஞ்சில் இடிக்கும் அந்தத் தூரத்தில் எந்தக் குழந்தைக்கும் விளையாட்டின் மீது பிடிப்பு வந்துவிடும். பிறகு வேடிக்கை பார்த்துக்கொண்டே நேரத்தைக் கடத்தாமல், ஆட்டம் தொடங்க அரை மணிக்கு முன்பாவது இருக்கையில் உட்கார்ந்துவிட வேண்டும். இசைக்குழுவின் தலைவர் பின்புறமாக வளைந்து தலையால் தரையைத் தொடுவது, லூயி எல்பெல் 1898இல் எழுதிய ‘தி விக்டர்ஸ்’ பாட்டுக்கு லட்சம் பேர் முஷ்டி உயர்த்துவது, வீரர்கள் சுரங்கவழியில் ஓடிவந்து நீலப் பதாகையை எம்பித் தொடுவது எல்லாம் கிக்-ஆஃபுக்கு முந்தைய நிமிடங்களில் முடிந்துவிடும். பதாகை வழக்கம் 1962இல் தொடங்கியது. வாசல் வரிசையில் சிக்கியவர்களுக்கு இவை எதுவும் கிடைக்காது.

ஆட்டம் தொடங்கியதும் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி: ‘ஏன் இப்படி நிறுத்தி நிறுத்தி ஆடுகிறார்கள்?’ பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு; அதற்குள் பத்து யார்டு முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு. எல்லைக்குள் கொண்டுசேர்த்தால் ஆறு புள்ளி, பின்னர் கம்பங்களுக்கிடையே உதைத்தால் இன்னொன்று, தூரத்திலிருந்து உதைத்து அடித்தால் மூன்று. முதல் நாளுக்கு இதற்கு மேல் விதி தேவையில்லை. ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்: எதிரணிக்கு மூன்றாவது வாய்ப்பு வரும்போது அரங்கமே காது கிழியக் கத்தும். எதிரணியின் ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் தன் ஆட்களுக்குச் சொல்லும் குறிப்பு அவர்கள் காதில் விழக் கூடாது என்பதற்காகத்தான். 2024 முதல் பயிற்சியாளர் குவார்ட்டர்பேக்கின் தலைக்கவசத்துக்குள் ரேடியோவில் பேசலாம் என்றாலும், அடுத்த வாய்ப்பைத் தொடங்குவதற்கான நொடிகளை எண்ணும் ‘பிளே கிளாக்’ கடிகாரத்தில் பதினைந்து நொடி மிச்சமிருக்கும்போது அந்த இணைப்பு அறுந்துவிடும். அதன்பின் அவர் மற்றவர்களுக்குக் கத்தித்தான் சொல்ல வேண்டும். சொந்த அணியிடம் பந்து இருக்கும்போது அதே கூட்டம் அடங்கிவிடும். எப்போது கத்துவது, எப்போது அமைதி காப்பது என்று தெரிந்துவிட்டால் பாட்டிகூட ஆட்டத்தில் ஒரு பங்காளிதான். ஆட்டக் கடிகாரத்தில் அறுபது நிமிடம். விளம்பர இடைவெளிகளும் இருபது நிமிட இடைவேளையும் சேர்ந்து மூன்றரை மணி நேரம் பிடிக்கும். பத்து யார்டு கடந்து புதிதாக நான்கு வாய்ப்பு (முதல் டவுன்) கிடைக்கும்போதெல்லாம் கடிகாரம் நிற்கும் பழைய விதியை 2023இல் எடுத்துவிட்டார்கள்; ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிடத்தில் மட்டும் இன்னும் நிற்கும். இடைவேளையில் கழிவறைக்கு ஓடாதீர்கள். வரிசை நீளும், இசைக்குழுவின் நிகழ்ச்சியும் போய்விடும். இரண்டாம் கால் பகுதியின் நடுவில் போய்வந்தால் வரிசையில் நிற்கவும் வேண்டாம், நிகழ்ச்சியும் தவறாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நெரிசலுக்கு முன்னால் காரை எடுத்துவிடலாம் என்று நான்காவது கால் பகுதியில் எழுந்துவிடாதீர்கள். 2011இல் இந்த மைதானத்தின் முதல் இரவு ஆட்டத்தில் மூன்று கால் பகுதி முடிந்தபோது நோட்டர் டேம் 24-7 என முன்னணியில் இருந்தது. கடைசி ஒன்றேகால் நிமிடத்துக்குள் மூன்று முறை முன்னிலை கைமாறி, இரண்டு நொடி மிச்சமிருக்க டெனார்ட் ராபின்சன் எறிந்த பந்தை ராய் ரவுண்ட்ரீ பிடித்து 35-31 என மிச்சிகன் வென்றது. 2015இல் மிச்சிகன் ஸ்டேட் அணியோடு நடந்தது அதற்கு நேர்மாறு. மிச்சிகன் 23-21 என முன்னணி, பத்து நொடிதான் பாக்கி, பந்தைத் தூர உதைத்துவிட்டால் போதும். உதைக்க நின்றவர் பந்தை நழுவவிட்டார். எதிரணியின் ஜேலன் வாட்ஸ்-ஜாக்சன் அதை எடுத்துக்கொண்டு 38 யார்டு ஓடி எல்லையைத் தொட்டபோது கடிகாரத்தில் நேரம் தீர்ந்திருந்தது. அதுவரை ஒரு நொடிகூட முன்னிலை பெறாத அணி 27-23 என வென்றது.

ஆகவே வீடு திரும்பும் நேரத்தைக் கணக்கிடும்போதே, ஆட்டம் முடிந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காரை எடுப்போம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இறுதி விசில் ஊதியபிறகும் இசைக்குழு வாசிக்கும், அதையும் இருந்து கேளுங்கள். பிறகு நிதானமாகக் காரிடம் நடந்து வந்து, பாயை மறுபடி விரித்து, மிச்சமிருக்கும் எலுமிச்சை சாதத்தைப் பகிர்ந்து சாப்பிட்டு, சாலை காலியானதும் கிளம்புங்கள்.