நிமிடத்துக்கு எத்தனை டிக்கெட்?

ரயில்வே முன்பதிவுக் கணினி பற்றி அறிவிப்பு வரும்போதெல்லாம் தலைப்பில் ஒரே எண்தான் நிற்கும்: நிமிடத்துக்கு எத்தனை டிக்கெட். 2014இல் இணையச் சேவையைப் புதுப்பித்தபோது 2,000லிருந்து 7,200 என்றார்கள். 2025 ஜூனில், 32,000லிருந்து 1.5 லட்சத்துக்கும் மேலே போகப்போகிறோம் என்றார்கள். பெரிய வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த எண்ணை வைத்து அந்த அமைப்பை எடைபோடுவது தப்பு என்பது என் கட்சி. சாட்சிக்கு மேட்டுப்பாளையம் - ஊட்டி மலை ரயில் போதும்.

46 கிலோமீட்டர் பாதை. கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரம் கவ்விப் பிடிக்க, எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். அந்த ஏற்றத்தில் நினைத்தபடி பெட்டிகளைச் சேர்க்க முடியாது. மே மாத சீசனில் எத்தனை ஆயிரம் பேர் கேட்டாலும் சில நூறு பேருக்குத்தான் இடம்.

இப்போ கணினிக்குள்ளே போவோம். பயணத் தேதிக்கு 60 நாள் முன்பு, காலை 8 மணிக்கு முன்பதிவு திறக்கிறது. ஒரே இருக்கை இரண்டு பேருக்குப் போகக்கூடாது. அதனால் அந்த ரயிலின் காலியிடக் கணக்கை ஒருவருடைய பரிவர்த்தனை தொடும்போது அது பூட்டப்படும், அடுத்தவர் காத்திருக்கணும். மெயின்ஃபிரேம் காலத்திலிருந்தே, வங்கியானாலும் விமானமானாலும், இப்படி எல்லோரும் ஒரே பதிவுக்கு முண்டியடிக்கும் இடத்தில் புது எந்திரம் வாங்கிப் போட்டால் மட்டும் தீராது. வழி இரண்டுதான்: பூட்டியிருக்கும் நேரத்தைக் குறைப்பது, உள்ளே விடும் கூட்டத்தைக் கட்டுப்படுத்துவது.

முதலாவதை ரயில்வே நன்றாகவே செய்திருக்கிறது. இணையத்தில் பணம் கட்டும் நேரம் முழுக்கப் பூட்டுக்கு வெளியே. பணம் வந்த பிறகுதான் இருக்கை ஒதுக்கப்படும். கணினிக்கு லாபம். ஆனால் அந்தக் காத்திருப்பு மறையவில்லை, பயணியின் தலைக்கு மாறிவிட்டது. எஸ்டேட் லைன் வீட்டில் ஒற்றைக் கோடு சிக்னலில் ஓடிபிக்காகக் காத்திருப்பவருக்கு முன், நகரத்து பிராட்பேண்ட்காரர் முடித்துவிடுவார். நிமிடக் கணக்கில் இந்தத் தோல்வி பதிவாகாது.

இரண்டாவதும் கொஞ்சம் நடக்கிறது. 2015 முதல் தட்கல் முன்பதிவு ஏசிக்கு 10 மணி, மற்றதுக்கு 11 மணி எனப் பிரிந்தது. 2025 ஜூலை முதல் தட்கலில் முதல் அரைமணி நேரம் ஏஜென்ட்களுக்குத் தடை. ஐபிஎம் மெயின்ஃபிரேமின் சிஐசிஎஸ்ஸிலும் ஒரே நேரத்தில் எத்தனை வேலைகள் ஓடலாம் என்று உச்சவரம்பு உண்டு. நெரிசலில் அதைக் குறைத்தால்தான் சில சமயம் வேகம் கூடும்.

நீலகிரிக்காரர்களுக்கு இது புதிதல்ல. 2025 சீசனுக்கு உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என வரம்பு வந்தது. பர்லியாறை நிமிடத்துக்கு எத்தனை வண்டி தாண்டியது என்று யாரும் பெருமை பேசவில்லை. மலை எவ்வளவு தாங்கும் என்பதுதான் அங்கே கேள்வி.

நான் கேட்பது வேறு இரண்டு எண்கள். 8 மணிக்கு முயன்றவர்களில் எத்தனை பேருக்கு, எத்தனை விநாடியில், ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ என்று தெளிவான பதில் கிடைத்தது? குன்னூர் கவுன்ட்டர் வரிசையில் நின்றவருக்கும் வீட்டிலிருந்து போட்டவருக்கும் கிடைத்த வாய்ப்பில் வித்தியாசம் எவ்வளவு?

மலை ரயில் மாதிரி ஒன்றுக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது. முதல் பத்து நிமிடம் வரும் விண்ணப்பங்களை எல்லாம் சேர்த்து வைத்துக் குலுக்கிப் போடலாம். விரல் வேகமும் நெட் வேகமும் அப்போது செல்லாது. அதைச் செய்ய 1.5 லட்சம் வேகம் வேண்டாம், 1980களில் டெல்லியில் முன்பதிவைத் தொடங்கிவைத்த வாக்ஸ் எந்திரமே போதும்.